மலையில் நிற்கிற வண்டியை மலையில்தான் பார்க்க வேண்டும்

கேள்வி: மெக்கானிக் அண்ணனுக்கு வணக்கம். கம்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். எங்களிடம் இருப்பது 1997 மாடல் மாருதி ஆம்னி, கார்ப்பரேட்டர் வண்டி. சனிக்கிழமை மதியம் கடையை மூடிவிட்டு, மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நானே ஓட்டிப் போவேன். சித்திரையிலிருந்து ஒரு தொல்லை. கூடலூர் வரை நன்றாகப் போகிற வண்டி, லோயர் கேம்ப் தாண்டி ஏறும்போது, இரைச்சல் பாலத்துக்கு மேலே திக்கித் திக்கி இழுத்து நின்றுவிடுகிறது. காலை விட்டுத் தளர்த்தினால் கொஞ்ச தூரம் போகிறது, மறுபடி அழுத்தினால் அடங்குகிறது. அரை மணி நேரம் நிறுத்தினால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்புகிறது. இரண்டு முறை விடியற்காலை 6 மணிக்குப் போனோம், அப்போது நிற்கவில்லை. சூட்டு முள் நடுவில்தான் நிற்கிறது. பெட்ரோல் வாசமும் வருவதில்லை. என் மாமியாருக்கு அந்த வாசம் ஆகாது, இருந்தால் உடனே சொல்லியிருப்பார். ஒரு மெக்கானிக் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். இன்னொருவர் பிளக் மாற்றினார். மூன்றாமவர் இன்ஜினைப் பிரித்துப் போர் அடித்துப் பிஸ்டன் மாற்ற வேண்டும், 35,000 ரூபாய் ஆகும் என்கிறார். ஆயில் குறையவில்லையே என்று கேட்டால், என்னிடம் பேசாமல் என் தம்பியைப் பார்த்துப் பதில் சொல்கிறார். வண்டியை விற்றுவிடலாமா? (முன்பு கேஸ் கிட் இருந்தது, அதைப் போன வருடம் எடுத்துவிட்டோம்.)

பதில்:

தங்கைக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒரு வண்டியைப் பற்றி இவ்வளவு சரியாகக் கவனித்து எழுதிய கடிதம் எனக்கு வருவது அபூர்வம். எந்த இடத்தில் நிற்கிறது, எந்த நேரத்தில் நிற்கவில்லை, நிற்பதற்கு முன் எப்படி இழுக்கிறது, முள் எங்கே இருக்கிறது, வாசம் வருகிறதா என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வண்டியைப் பார்த்த மூவரும் உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. கேட்டிருந்தால் இன்ஜினைப் பிரிக்கும் பேச்சே வந்திருக்காது.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 35,000 ரூபாய் வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள்.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தேய்ந்த பிஸ்டன் ரிங் காலையிலும் தேய்ந்ததுதான், மதியத்திலும் தேய்ந்ததுதான். போர் (பிஸ்டன் ஓடும் துளை) தேய்ந்த இன்ஜின் ஆயில் குடிக்கும், பின்னால் நீலப் புகை விடும், காலைக் குளிரில் கிளம்பத் தகராறு செய்யும், தேனி ரோட்டுச் சமவெளியிலும் இழுவை இல்லாமல் போகும். உங்கள் வண்டியோ விடியற்காலையில் அதே நான்கு பேரை ஏற்றிக்கொண்டு அதே மலையை ஏறுகிறது. அரை மணி நேர ஓய்வில் தேய்மானம் சரியாகாது. ஆறினால் சரியாகிற கோளாறு சூட்டில்தான் பிறக்கிறது. அதைச் சூட்டில்தான் பிடிக்க முடியும்.

அந்த மூன்று மெக்கானிக்குகளும் வண்டியை எங்கே பார்த்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கம்பத்தில், நிழலில், ஆறின பிறகு பார்த்திருக்கிறார்கள். அப்போது அதில் கோளாறே இல்லை. இல்லாத கோளாற்றைத் தேடினால் ஒருவருக்குக் கார்ப்பரேட்டர் கண்ணில் படும், இன்னொருவருக்குப் பிளக் படும்.

இதை அவர்களைக் குறை சொல்லும் எண்ணத்தில் எழுதவில்லை. நான் தொழில் கற்று முடித்துத் தனியாகப் பட்டறை போட்ட புதிதில், ஒரு பள்ளி ஆசிரியரின் வண்டியில் இதே தவறைச் செய்தேன். அவருடைய வண்டியும் மலையில் நின்றது. நான் ஹெட்டை இறக்கி, பிளாக்கை லேத்துக்கு அனுப்பி, போர் அடித்து, புதுப் பிஸ்டன் போட்டேன். ஓட்டிப் பார்க்க அவரையும் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். பழைய இடத்திலேயே நின்றது. கடைசியில் பார்த்தால் கோளாறு, பிளக்கின் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலில் இருந்தது. அந்த ஆசிரியர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சொன்ன தொகையைத் தவணையாகக் கொடுத்து முடித்தார். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. அதன் பிறகு, மலையில் நிற்கிற வண்டியை மலையில் பார்க்காமல் நான் ஸ்பேனர் எடுப்பதில்லை.

உங்கள் வண்டிக்கு வருவோம். பெட்ரோல் இன்ஜின் ஓட்டத்தில் நிற்பதற்குப் பெரும்பாலும் பெட்ரோல் வராதது, நெருப்புப் பொறி வராதது, அழுத்தம் பிடிக்காதது என்ற மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். இந்த மூன்றும் நிற்கிற விதத்தில் வேறுபடும். பொறி அறுந்தால் விளக்கை அணைத்தது போல ஒரே அடியில் நிற்கும். பெட்ரோல் குறைந்தால் திக்கும், இழுக்கும், காலைத் தளர்த்தினால் மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்சம் போகும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்ப்பரேட்டரின் கிண்ணத்தில் கொஞ்சமாக வந்து சேர்கிற பெட்ரோல், பாதி அழுத்தத்துக்குப் போதும், முழு அழுத்தத்துக்குப் போதாது. நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான். போதாததற்கு, பெட்ரோல் வாசம் வருவதில்லை என்று உங்கள் மாமியாரின் மூக்கைச் சாட்சி சொல்ல வைத்திருக்கிறீர்கள். அளவுக்கு மேல் பெட்ரோல் போய் மூழ்கி நின்றால் வாசம் குப்பென்று அடிக்கும். ஆகவே உங்கள் வண்டியில் மலை ஏறும்போது பெட்ரோல் போய்ச் சேரவில்லை. இந்த அளவுக்கு நான் துணிந்து சொல்வேன்.

ஏன் போய்ச் சேரவில்லை என்பதற்குக் கடிதத்தின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிய வரிதான் வழி காட்டுகிறது. கேஸ் கிட் எடுத்ததாகச் சொல்கிறீர்களே, அது.

கார்ப்பரேட்டர் வண்டியில் கேஸ் கிட் பொருத்தும்போது பெட்ரோல் லைனை நடுவில் வெட்டி ஒரு சாலினாய்டு வால்வு வைப்பார்கள். கேஸில் ஓடும்போது பெட்ரோலை மறிப்பது அதன் வேலை. சுவிட்சைப் பெட்ரோலுக்குத் திருப்பினால் மின்சாரம் வந்து வால்வு திறக்கும். கிட்டை எடுக்கும்போது சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, இந்த வால்வை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய வால்வுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூடேறினால் பிடி தளர்ந்து மூடிக்கொள்ளும். ஆறினால் மறுபடி திறக்கும். கம்பத்து நிழலில் சோதித்தால் ஒழுங்காக வேலை செய்யும். மதிய வெயிலில், முழு இழுவையில், சீட்டுக்கு அடியில் அனலடிக்கும்போது கைவிடும்.

இன்னொன்று, பெட்ரோல் ஹோஸ் போகும் பாதை. ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் அடைந்து கிடக்கிறது. காற்று புகுந்து வெளியேற வழி குறைவு. கம்பெனி ஹோஸ்களை வைத்த வழியில் வைத்தால் அந்தச் சூட்டையும் சமாளிக்கும். கிட் எடுத்தவர் கைக்குக் கிடைத்த ஹோஸை வெட்டிப் போட்டு எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) பக்கமாகக் கொண்டுபோயிருந்தால், அதற்குள் பெட்ரோல் கொதித்து ஆவியாகும். இதைத்தான் வேப்பர் லாக் என்கிறோம். பெட்ரோல் கொதிப்பதற்குத் தண்ணீரைப் போல 100 டிகிரி வேண்டியதில்லை. அதில் இலேசான பகுதி 40 டிகிரிக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கிவிடும். உங்கள் வண்டியின் பெட்ரோல் பம்ப், இன்ஜினோடு ஒட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்ப். அது டேங்கிலிருந்து உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவதால் ஆவியாவது இன்னும் எளிது. பம்புக்குள் ஆவி நிறைந்தால், திரவத்தைத் தள்ள வேண்டிய சவ்வு வெறும் ஆவியை நசுக்கிக்கொண்டிருக்கும். கார்ப்பரேட்டருக்கு ஒன்றும் போகாது. அரை மணி நேரத்தில் ஆவி குளிர்ந்து திரவமாகிவிடும், வண்டி கிளம்பிவிடும்.

அந்தப் பம்பிலிருந்து டேங்குக்குத் திரும்பிப் போகிற மெல்லிய ஹோஸ் ஒன்று உண்டு. மிஞ்சிய பெட்ரோல் அதன் வழியாகச் சுற்றிக்கொண்டே இருப்பதால் லைன் குளிர்ச்சியாக இருக்கும். குமிழ் உண்டானாலும் டேங்குக்குப் போய்விடும். கேஸ் கிட் வேலையில் அந்த ஹோஸ் மடங்கியோ அடைபட்டோ போயிருந்தால், சமவெளியில் ஒன்றும் தெரியாது, மலையில் தெரியும். இதை உங்கள் மெக்கானிக்கிடம் தனியாகச் சொல்லுங்கள். பலரும் பார்க்காமல் விடுகிற இடம் இது.

சித்திரையிலிருந்து ஏன் என்று உங்களுக்குத் தோன்றலாம், கிட்டை எடுத்துத்தான் ஒரு வருடம் ஆகிவிட்டதே. கோடை ஒரு காரணம். பெட்ரோலும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் அதற்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. 1997-இல் உங்கள் ஆம்னியைச் செய்தவர்கள் இதை நினைத்துச் செய்யவில்லை. எத்தனால் பழைய ரப்பரை ஊற வைக்கும், பிறகு விரிசல் விட வைக்கும். பழைய டேங்கின் அடியில் படிந்த துருவையும் பிசினையும் கிளப்பிவிட்டு ஃபில்டரை அடைக்கும். உங்கள் வண்டியில் எந்த ஹோஸாவது 10 வருடத்துக்கு முந்தையது என்றால், கோளாறு எதுவாக இருந்தாலும் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

இனி நீங்கள் செய்யக்கூடிய சோதனைகள். அடுத்த சனிக்கிழமை மாமியாரையும் பிள்ளைகளையும் பஸ்ஸில் முன்னால் அனுப்பிவிட்டு, தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வழக்கமான மதிய நேரத்தில் ஏறுங்கள். பின்னால் இரண்டு மூட்டை அரிசி எடைக்கு ஏதாவது ஏற்றிக்கொள்ளுங்கள். வெறும் வண்டியாக ஏறினால் நிற்காமல் போய்விடக்கூடும், அப்படிப் போனால் ஒன்றும் தெரியாது. கிளம்புவதற்கு முன், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். முள் நடுவில் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள், நல்லது. ஆனால் தண்ணீர் குறைந்து, சூட்டை அளக்கும் சென்சார் வெறும் ஆவியில் நின்றால் முள் பொய் சொல்லும். அதனால்தான் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன். ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு பருத்தித் துணி, ஒரு டார்ச், சக்கரத்துக்கு முட்டு வைக்க ஒரு கட்டை, இவை போதும்.

திக்கத் தொடங்கியதும் வளைவில் நிறுத்தாதீர்கள். லாரிகளும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் வருகிற பாதை அது. வேகம் மிச்சமிருக்கும்போதே அகலமான ஓரத்துக்கு வந்து நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைத்துவிடுங்கள். செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். பேட்டரி இறங்கினால் சோதனையும் கெட்டுவிடும்.

நின்றவுடன் முதல் வேலை, பெட்ரோல் டேங்க் மூடியைத் திறப்பது. திறக்கும்போது காற்று உள்ளே இழுபடும் சத்தம், ஒரு நீண்ட பெருமூச்சு போலக் கேட்டால், மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் பம்பால் இழுக்க முடியாது. மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டு இரண்டு நிமிடத்தில் செல்ஃப் அடித்துக் கிளம்பினால் கோளாறு ஒரு மூடியில் தீர்ந்தது. (அப்படியே தளர்வாக வைத்து ஓட்ட வேண்டாம், புது மூடி வாங்கிவிடுங்கள்.)

சத்தம் இல்லை என்றால் சீட்டைத் தூக்கி, பெட்ரோல் ஃபில்டரைப் பாருங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஃபில்டர் என்றால் டார்ச் அடித்ததும் தெரிந்துவிடும். உள்ளே பெட்ரோல் நிறைய இருக்க வேண்டும். காலியாகவோ, குமிழ் குமிழாகவோ இருந்தால் அதுவரைக்கும் பெட்ரோல் ஒழுங்காக வரவில்லை என்று பொருள். அடியில் செம்மண் போலத் துரு கிடந்தால் டேங்கைக் கழுவ வேண்டும்; ஃபில்டரை மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் மறுபடி நிற்கும்.

அடுத்தது ஈரத்துணி. துணியை நனைத்துப் பிழிந்து பெட்ரோல் பம்பின் மேலும், அதிலிருந்து போகிற ஹோஸின் மேலும் சுற்றுங்கள். இன்ஜின் மேல் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள். கொதிக்கும் இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிப்பு விழும். எக்ஸாஸ்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிட்டால் வேப்பர் லாக் என்று அடித்துச் சொல்லலாம், ஏனென்றால் வழக்கமாக அரை மணி நேரம் பிடிக்கும் வண்டி அது.

துணி போட்டும் கிளம்பவில்லையா? சாலினாய்டு வால்வு இருக்கிறதா என்று தேடுங்கள். கட்டை விரல் அளவில் ஒரு உலோக உருளை, இரண்டு பக்கமும் பெட்ரோல் ஹோஸ், ஒன்றிரண்டு மின்கம்பி. இருந்தால், தம்பியைச் சாவியைத் திருப்பச் சொல்லி, செல்ஃப் அடிக்காமல், அதன் மேல் விரல் வையுங்கள். 'டிக்' என்று ஒரு துடிப்பு தெரிய வேண்டும். துடிப்பு இல்லை என்றால் குற்றவாளி கையில் கிடைத்துவிட்டது. கம்பம் திரும்பியதும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, டேங்கிலிருந்து கார்ப்பரேட்டர் வரை புது பெட்ரோல் ஹோஸ் போடச் சொல்லுங்கள். கூடவே கார்ப்பரேட்டரின் தலையில் கேஸ் மிக்சர் தட்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது காற்று போகும் வழியைச் சுருக்கி, முழு இழுவையில் மூச்சை அடைக்கும்.

பொறியைச் சோதிக்கும் வேலையை மட்டும் நீங்கள் செய்ய வேண்டாம். பிளக் வயரில் வருவது பல்லாயிரம் வோல்ட். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருந்தால் அந்தப் பொறியே வினையாகும். மேலே சொன்ன எதிலும் பிடிபடவில்லை என்றால், வண்டி சூட்டோடு இருக்கும்போதே ஒரு மெக்கானிக்கிடம் போய்ச் சேருவதுதான் வழி. அதற்குக் கம்பத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. குமுளியில், ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப்களைப் பார்க்கும் பட்டறைகள் இருக்கின்றன. மலையில் நிற்கிற வண்டிகள் அவர்களுக்கு அன்றாட வேலை, தமிழும் தடையில்லை. முன்கூட்டியே ஒருவரிடம் பேசி வைத்து, நின்ற இடத்துக்கே வரச் சொன்னால் இன்னும் நல்லது. அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நின்ற நிமிடத்தில் ஒரு பிளக்கை வெளியே எடுத்துப் பொறி நீலமாகத் தெறிக்கிறதா, மஞ்சளாகச் சோர்ந்து வருகிறதா, வரவே இல்லையா என்று பார்ப்பது. சூட்டில் பொறி இல்லை, ஆறினால் இருக்கிறது என்றால் காயிலை மாற்ற வேண்டும். பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் வைத்தது என்றால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றிவிடலாம், விலை குறைந்த பொருள்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் யாராவது இன்ஜின் வேலை என்று சொன்னால், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிடிக்கும் அழுத்தம்) பார்த்தீர்களா என்று கேளுங்கள். தம்பியைக் கேட்கச் சொல்லாதீர்கள், நீங்களே கேளுங்கள். மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் வைத்துச் செல்ஃப் அடித்தால், கால் மணி நேரத்தில் மூன்று எண்கள் கிடைக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக, நல்ல அளவில் இருந்தால் இன்ஜினைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு சிறு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால், இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம் வரும். கேஸில் பல வருடம் ஓடிய வண்டி என்பதால் வால்வை நான் முழுவதும் தள்ளிவிடமாட்டேன். கேஸ் உலர்ந்த எரிபொருள். அதில் ஓடினால் வால்வு சீட் மெல்ல உள்வாங்கி, டேப்பெட் (வால்வை அழுத்தித் திறக்கும் பாகம்) இடைவெளி குறைந்துபோகும். சூட்டில் வால்வு முழுவதும் மூடாமல் அழுத்தம் கசியும். டேப்பெட்டைச் சரிபார்க்க இன்ஜினைப் பிரிக்க வேண்டாம், மேல் மூடியைக் கழற்றினால் போதும். கேஜ் வைக்காமல், டேப்பெட் பார்க்காமல் போர் அடிக்க வேண்டும் என்று சொல்பவரிடம் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள்.

ஹெட் கேஸ்கட் பயம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்கு இன்னொரு குறிப்பு. ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெண்ணெய் போலப் படிந்திருந்தால் கேஸ்கட் போய்விட்டது என்று சிலர் மிரட்டுவார்கள். மலைக்குளிரில் சிறு தூரம் ஓடும் வண்டியில் ஈரம் கோத்து அப்படிப் படிவது உண்டு. ஆயில் குச்சியைப் பாருங்கள். குச்சியில் இருக்கும் ஆயிலே பால் காப்பி நிறமாக இருந்தால்தான் கவலை. அதோடு ரேடியேட்டர் தண்ணீரும் காரணமில்லாமல் குறைய வேண்டும்.

உங்கள் வண்டியில் சூடேறும் கோளாறு இல்லை என்றாலும், மலை ஏறும் பழைய வண்டி என்பதால் ஒரு சொல். ரேடியேட்டர் மூடியை இரும்பு மூடி என்று மட்டும் நினைக்காதீர்கள். அது அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். குமுளி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ரப்பர் வளையம் காய்ந்த மூடியோடு மலை ஏறுவது, மூடியில்லாமல் ஏறுவதற்குச் சமம். அதேபோல, நம் பக்கத்தில், சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுகிற பழக்கம் இருக்கிறது. உங்கள் வண்டியில் அப்படிச் செய்திருந்தால் திரும்பப் போட்டுவிடுங்கள். அது இல்லாத இன்ஜின் வண்டிப்பெரியாற்றுக் குளிரில் சூடேறவே நேரம் பிடிக்கும், பெட்ரோலைக் குடிக்கும். போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள், உப்பு படியும். கூலண்ட் ஊற்றுங்கள்.

ஓட்டும் முறையில் ஒன்று. ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே இழுத்துப் பிடித்து, வண்டி நடுங்க நடுங்க அழுத்துகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டாவது கியருக்கு வாருங்கள். இன்ஜின் சத்தம் கூடும், அதற்குப் பயப்பட வேண்டாம். தண்ணீர் பம்பும் வேகமாகச் சுற்றும், பெட்ரோலும் லைனில் தேங்காமல் ஓடும். கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் உயரம். அதில் பெரும்பகுதியை லோயர் கேம்ப்புக்கு மேலே உள்ள சில கிலோமீட்டரில் ஏறிவிடுகிறோம். 796 சிசி இன்ஜினுக்கு அது பெரிய வேலை. சபரிமலை சீசனில் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டாலும் இதே கதைதான்.

இனி நான் சொல்லப்போவதை மற்ற எல்லாவற்றையும் விடக் கவனமாகப் படியுங்கள். இன்று உங்கள் வண்டிக்குள் பெட்ரோல் வாசம் இல்லை. ஹோஸ் மாற்றிய பிறகோ, மாற்றாமல் விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள்ளோ, என்றாவது வாசம் வந்தால், அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்து எல்லோரையும் இறக்கிவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஆம்னியில் உங்கள் மாமியார் உட்காரும் சீட்டுக்குக் கீழே எக்ஸாஸ்ட் கொதிக்கிறது. ஒழுகுகிற ஹோஸும் அங்கேதான் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சாண் அளவு இடம். புது ஹோஸ் போடும்போது பெட்ரோலுக்கென்றே வரும் ஹோஸா என்று பாருங்கள். தண்ணீர் டியூபை வெட்டிப் போடுவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். முடிச்சுக் கம்பி வேண்டாம், கிளிப் போட்டு இறுக்க வேண்டும். ஒரு கிலோ தீயணைப்பான் வாங்கி, பின் சீட்டுக்கு அடியில் வைக்காமல் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.

விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கோளாறுக்காக விற்க வேண்டாம். நான் சொன்ன ஹோஸ், ஃபில்டர், டேங்க் மூடி, கிளிப் எல்லாம் சேர்ந்து அந்த 35,000-இல் ஒரு சிறு பங்குதான் ஆகும். கோளாறோடு விற்றால் இரும்பு விலைக்குத்தான் கேட்பார்கள். ஆனால் ஒரு கணக்குப் போட்டு வையுங்கள். 1997 பதிவு என்றால் 15 வருடம் 2012-இல் முடிந்து, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்து வந்திருப்பீர்கள். அடுத்தது 2027-இல் வரும். அப்போது தரையின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், அந்தப் பணத்தை இந்த வண்டியில் போடாதீர்கள். இன்ஜினுக்கு வயதானால் சரிசெய்யலாம், தகடு அழுகினால் கஷ்டம். ஒரு நாள் வண்டியைத் தூக்கி, சுத்தியலின் பின்பக்கத்தால் அடித்தகட்டைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்.சி.யில் கேஸ் என்று பதிந்திருந்தால், கிட்டை எடுத்ததையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அதை 2027 வரை தள்ளிப் போடாமல் இப்போதே முடிப்பது நல்லது.

சனிக்கிழமை ஏறிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். நின்ற இடம், நேரம், டேங்க் மூடியைத் திறந்தபோது சத்தம் வந்ததா, ஈரத்துணி போட்டு எத்தனை நிமிடத்தில் கிளம்பியது, சாலினாய்டு இருந்ததா இல்லையா, இவற்றைக் குறித்து அனுப்பினால் போதும்.